பூட்டறதுக்கு வழி இருக்குங்களா?

2018-இல் எங்கள் டீம் எஸ்விஎன்னை விட்டு கிட்டுக்கு மாறியது. ஒரு ஃபைலில் யார், எப்போது, எதை மாற்றினார் என்ற வரலாற்றை வைத்துக்கொள்ளும் மென்பொருள்கள் இவை. இரண்டையும் ஒப்பிட்டு முடிவு சொல்லும் வேலை என்னிடம் வந்தது. மூன்று வாரம் உட்கார்ந்து பார்த்தேன். அந்த மூன்று வாரத்தில் பெரும்பகுதி மறந்துவிட்டது. கடைசியில் நடந்த கூட்டத்தில் சர்க்யூட் போர்டு டிசைன் பார்க்கிற அண்ணன் கேட்ட ஒரு கேள்வியும் நான் சொன்ன பதிலும் மட்டும் போகமாட்டேன் என்கின்றன.

"இதுல ஃபைலைப் பூட்டறதுக்கு வழி இருக்குங்களா தம்பி?"

"அதுக்குத் தேவையே வராதுங்கண்ணா. அதெல்லாம் பழைய முறை."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

அந்தப் பதில் பொய் இல்லை என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாங்கள் எழுதுவது பம்ப் கண்ட்ரோலருக்கான சி மொழி புரோகிராம், அதாவது சி கோடு. ஒரே ஃபைலில் நான் மேலே பத்து வரியும் இன்னொருவர் கீழே பத்து வரியும் மாற்றினால், கிட் இரண்டையும் சேர்த்துவிடும். மோதினால் எந்த வரி என்று காட்டும். பூட்டு என்ற யோசனையே அங்கே தேவையில்லை. ஆனால் அண்ணன் கேட்டது சி கோடைப் பற்றி இல்லை. அவருடைய போர்டு ஃபைல் பைனரி. அதில் வரி கிடையாது. இரண்டு பேர் தனித்தனியாக மாற்றிவிட்டால், ஒருவருடையதை வைத்துக்கொண்டு மற்றவர் செய்ததைக் கையால் மறுபடி செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

எஸ்விஎன்னில் இதற்கு 2005-லேயே பூட்டு வந்துவிட்டது. ஃபைலுக்கு 'நீட்ஸ்-லாக்' என்று ஒரு குறி வைத்துவிட்டால், பூட்டை வாங்காதவருக்கு அது படிக்க மட்டுமே திறக்கும். அண்ணன் காலையில் வந்ததும் எஸ்விஎன்னுக்கான டார்டாய்ஸ் மெனுவில் 'கெட் லாக்' கொடுப்பார். காரணம் எழுதுகிற கட்டத்தில் ஒற்றை விரலால் 'ரிலே வேலை' என்று தட்டுவார். சாயந்தரம் கமிட் போட்டால், அதாவது மாற்றத்தைப் பதிவு செய்தால், பூட்டு தானாக விலகிவிடும். ஆறு வருஷமாக நடந்த வேலை இது. நான் அவருக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து தினமும் பார்த்ததுதான்.

என் ஒப்பீட்டு அட்டவணையில் 14 வரிசைகள் இருந்தன. பிராஞ்ச் போடுவது (தனிக் கிளையில் வேலை செய்வது), மெர்ஜ் (பிரிந்ததைத் திரும்பச் சேர்ப்பது), நெட் இல்லாதபோது கமிட், வேகம், பேக்கப் என்று போகும். பூட்டுக்கு வரிசை இல்லை.

மறந்துவிட்டேன் என்று சொன்னால் கதை சுலபமாக முடிந்துவிடும். மறக்கவில்லை. பெரிய ஃபைல்களுக்காகக் கிட்டோடு சேர்க்கிற கிட் எல்எஃப்எஸ்ஸில் 2017-இல் வந்த இரண்டாம் பதிப்பிலிருந்து ஃபைல் பூட்டும் வசதி உண்டு என்று படித்து, நோட்டிலும் எழுதியிருந்தேன். ஆனால் அப்போதைய திட்டம், ஆபீஸ் மெஷின் ஒன்றில் எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக வெறும் கிட்டை வைப்பது. எல்எஃப்எஸ் வேண்டுமென்றால் அன்றைக்கு அதற்கென்று தனி சர்வர் வேண்டியிருந்தது. அதைச் சொன்னால் "அப்போ அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று மேனேஜர் முடித்துவிடுவாரோ என்ற பயம் எனக்கு. அந்தப் பயத்தில்தான் சொல்லவில்லையா, அல்லது அந்த நிமிஷத்தில் உண்மையிலேயே தேவை வராது என்று நம்பினேனா? இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்த்திருக்கிறேன். சில நாள் ஒன்று சரியாகத் தெரியும், சில நாள் மற்றது.

கிட்டைத் தேர்ந்தெடுத்தது தப்பு என்று இன்றும் சொல்லமாட்டேன். எஸ்விஎன்னில் பிராஞ்ச் என்றாலே எங்கள் ஆட்கள் பயப்படுவார்கள். மூன்று மாதம் பிரிந்திருந்த ஒரு பிராஞ்சைச் சேர்க்க ஒரு வாரம் போனதை எல்லாரும் பார்த்திருந்தோம். எல்லாம் ஒரே சர்வரில் இருந்ததால், அது படுத்தால் கமிட் போட முடியாது, பழைய வரலாற்றையும் பார்க்க முடியாது. கிட்டில் ஒவ்வொருவர் மெஷினிலும் முழு வரலாறும் இருக்கும். 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் அதை எழுதத் தொடங்கியதே, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குப் பயன்பட்டுவந்த பிட்கீப்பர் என்ற இதே வகை மென்பொருளின் இலவச உரிமம் போய்விட்டதால். உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கிறவர்களின் வேலையைச் சேர்ப்பதுதான் அதன் முதல் கவலை. அதே மாதத்தில் பிறந்த மெர்குரியல் என்ற இன்னொரு மென்பொருளையும் பார்த்தேன். கற்றுக்கொள்ள அது இன்னும் சுலபம். ஆனால் வேலைக்கு வருகிற பிள்ளைகள் யாருக்கும் அது தெரியாது. நாங்கள் மாறிய மறு வருஷமே, கோடை இணையத்தில் வைத்துக்கொள்ளும் தளமான பிட்பக்கெட் மெர்குரியலை நிறுத்தப்போவதாக அறிவித்தது. அன்றைக்கு என் கணக்கு சரி என்று மனசுக்குள் சந்தோஷப்பட்டேன்.

அந்த அட்டவணையில் வராத இன்னொன்றும் உண்டு. போர்டில் ஒட்டுகிற ஸ்டிக்கரில், ஒவ்வொரு கமிட்டுக்கும் எஸ்விஎன் தருகிற வரிசை எண்ணைப் போடுவோம். சர்வீஸ் ஆள் பொள்ளாச்சியில் ஒரு தோப்புக்குள் நின்றுகொண்டு போனில் "1843-ங்க" என்பார். நாங்கள் உடனே எடுத்துப் பார்ப்போம். கிட்டில் அந்த இடத்துக்கு ஹேஷ் என்ற 40 எழுத்து அடையாளம் வந்தது. டேக் என்று ஒரு சின்னப் பெயர் போட்டுச் சமாளித்தோம். அது சின்ன விஷயம், சரியாகிவிட்டது.

போர்டு ஃபைல் சரியாகவில்லை. மாறி நான்காம் மாதம். மின்சாரத்தை ஆன், ஆஃப் செய்கிற ரிலேவைத் தள்ளி வைத்து, 230 வோல்ட் பக்கத்துக்கும் கண்ட்ரோல் பக்கத்துக்கும் நடுவே இடைவெளியைக் கூட்டும் வேலையை அண்ணன் இரண்டு நாள் செய்திருந்தார். அதே ஃபைலில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒரு கனெக்டரின் பெயரை மாற்றி முதலில் புஷ் செய்துவிட்டான், அதாவது சர்வருக்கு அனுப்பிவிட்டான். சர்வரில் இருப்பதை எடுக்க அண்ணன் புல் செய்ததும் கன்ஃப்ளிக்ட், இரண்டும் மோதிவிட்டன. என்ன செய்வது என்று நான் எல்லாருக்கும் ஒரு பக்கத்தில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருந்தேன். 'உங்கள் ஃபைல்தான் வேண்டும் என்றால் அவர்ஸ் (ours)' என்று அதில் போட்டிருந்தேன். மெர்ஜில் அது சரி. ஆனால் எல்லார் மெஷினிலும் புல் என்றால் ரீபேஸ் ஆகும்படி, அதாவது சர்வரில் இருப்பதன் மேல் நம் கமிட்டை மறுபடி போடும்படி, செட் செய்து வைத்தவனும் நான்தான். ரீபேஸில் 'அவர்ஸ்', 'தெயர்ஸ்' (theirs) இரண்டும் இடம் மாறிவிடும். 'நம்முடையது' என்று கேட்டால் சர்வரில் இருப்பது வரும், நம் வேலை 'அவர்களுடையது' ஆகிவிடும்.

அண்ணன் தாளில் இருந்ததை அப்படியே செய்தார். அவர் வேலை கழன்றுவிட்டது, பையனுடைய ஃபைல் நின்றது. அதே கமிட்டில் இருந்த குறிப்பு ஃபைல் மட்டும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. 'ரிலே நகர்த்தப்பட்டது, இடைவெளி கூட்டப்பட்டது' என்று அதில் எழுதியிருந்தார். மறுநாள் ஊர் நோம்பிக்குப் போய்விட்டார். குறிப்பைப் பார்த்து, எல்லாம் சரி என்று நாங்கள் ஃபைலைத் தயாரிப்புக்கு அனுப்பினோம். மூன்று வாரம் கழித்து 60 போர்டு வந்தது. பெட்டியைப் பிரித்து ஒன்றைக் கையில் எடுத்ததுமே அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. கட்டைவிரலை ரிலே இருக்கிற இடத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அடுத்த போர்டை எடுத்தார். அதிலும் அதே இடத்தில் விரலை வைத்தார்.

நான் அவர் மெஷினில், கிட் பழைய நிலைகளைக் குறித்துவைக்கிற ரீஃப்ளாகைத் திறந்து பழைய கமிட்டைப் பத்து நிமிஷத்தில் எடுத்துவிட்டேன். எடுத்த வேகத்தில் சொன்னேன்: "பாருங்கண்ணா, கிட்ல எதுவும் தொலையாது."

"அதுல இருக்குதுங்க தம்பி. போர்டுலதான் இல்லை."

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அந்த 60-ம் வீண். பணம் ஆபீஸ் கணக்கில் போயிற்று, யாரும் என்னைக் கேட்கவில்லை. அப்புறம் வீட்டில் யோசித்தபோதுதான் இன்னொன்று உறைத்தது. அப்படிக் கழன்ற கமிட்டுக்கு ரீஃப்ளாகில் சாதாரணமாக 30 நாள்தான் கணக்கு. அதற்குப் பிறகு கிட் அதைத் துடைத்துவிடலாம். நாங்கள் தேடியது 24-ஆம் நாள். எதுவும் தொலையாது என்று சொன்னபோதும் நான் பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

அந்தத் தாளில் தப்பு இல்லாமல் இருந்திருந்தால் இது நடந்திருக்காது, அதனால் பூட்டைக் குறை சொல்ல முடியாது என்று வாதாடலாம். வாதாடியும் இருக்கிறேன். ஆனால் பூட்டு இருந்திருந்தால் பையன் அந்த ஃபைலை மாற்றியிருக்கவே மாட்டான். கன்ஃப்ளிக்ட் வந்திருக்காது, அந்தத் தாளே தேவைப்பட்டிருக்காது. இந்த இடத்துக்கு வந்தால் என்னால் மேலே வாதாட முடிவதில்லை.

இப்போது கோடு கிட்டில் இருக்கிறது, போர்டு ஃபைல்கள் மறுபடி எஸ்விஎன்னில். புதிதாக வருகிறவர்கள் ஏன் இரண்டு என்று கேட்பார்கள். பைனரி ஃபைல் என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். கூட்டத்தில் அப்படிச் சொன்னதற்கு அண்ணனிடம் மன்னிப்புக் கேட்க இரண்டு முறை போய், இரண்டு முறையும் வேறு எதையோ பேசிவிட்டு வந்திருக்கிறேன். அவர் பூட்டுப் போட்டால் எல்லாருக்கும் ஸ்கிரீனிலேயே தெரியும். இருந்தாலும் காலையில் டீக்குப் போகிற வழியில் என் மேஜை பக்கம் நின்று, "பூட்டிட்டனுங்க தம்பி" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார். முன்பெல்லாம் சொன்னதில்லை. அது வெறும் தகவலா, வேறு ஏதாவதா என்று நான் கேட்டதில்லை. "சரிங்கண்ணா" என்கிறேன்.