சாட்ஜிபிடியை நம் வழிக்குக் கொண்டுவர

செட்டிங்ஸில் பெர்சனலைசேஷனுக்குள் போனால் கஸ்டம் இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ் என்ற பெட்டி இருக்கும்; சாட்ஜிபிடி எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று நாம் எழுதிவைக்கும் இடம். 2023 ஜூலையில் வந்த வசதி. பலரும் அதில் 'நல்ல தமிழில் சுருக்கமாகப் பதில் சொல்' என்று எழுதிப் பார்த்துவிட்டு, ஒன்றும் மாறவில்லையே என்று விட்டுவிடுகிறார்கள். எது நல்ல தமிழ், எத்தனை வரி சுருக்கம் என்று சொல்லாதவரை அது தன் பழக்கப்படிதான் எழுதும். பின்பற்றினதா இல்லையா என்று பார்த்தவுடன் தெரிகிற மாதிரி எழுதுங்கள். நான் வைத்திருப்பது:

'தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில். சர்வர், பாஸ்வேர்டு, ஃபைல் போன்ற சொற்களை மொழிபெயர்க்காதே. விடை முதல் வரியில் வரட்டும். கேள்வியைத் திருப்பிச் சொல்லாதே, பாராட்டாதே. செய்முறைக்கு மட்டும் எண்ணிட்ட பட்டியல், மற்றதெல்லாம் பத்தி.'

'சுருக்கமாக', 'விரிவாக விளக்கு' இரண்டையும் சேர்த்து எழுதினால் எது எப்போது என்று அதற்குத் தெரியாது. எந்த மாதிரிக் கேள்விக்கு எது என்று பிரித்துச் சொல்லிவிட வேண்டும்.

பெட்டிக்கு 1500 எழுத்து என்பது வரம்பு. தமிழில் புள்ளியும் துணைக்குறிகளும் தனித்தனியாக எண்ணப்படும். 'தமிழ்' நமக்கு 3 எழுத்து, கணினிக்கு 5. நினைத்ததைவிடச் சீக்கிரம் இடம் தீர்ந்துவிடும். அடைமொழிகளை வெட்டுங்கள், 'தயவுசெய்து' உட்பட.

அதிகம் குழப்புவது மெமரிதான், அதாவது நம்மைப் பற்றிச் சொன்னதை அது சேமித்துவைக்கும் வசதி. எப்போதோ டிஎன்பிஎஸ்சிக்குப் படிப்பதாகச் சொல்லியிருப்போம். மாதங்கள் கழித்துச் சாம்பார் பொடி அளவு கேட்டாலும் பரீட்சையை இழுக்கும். அந்த உரையாடலை அழித்தால் மட்டும் போதாது, ஏனென்றால் சேமித்த நினைவு தனி இடத்தில் இருக்கிறது. மெமரி பட்டியலைத் திறந்து அந்த வரியையும் நீக்க வேண்டும். 2025 ஏப்ரல் முதல் பழைய உரையாடல்களையும் பார்த்துப் பதில் சொல்கிறது. அதற்குத் தனி சுவிட்ச். அடுத்தவர் மருத்துவ ரிப்போர்ட்டைப் பற்றிக் கேட்பதென்றால் டெம்பரரி சாட் போதும். அங்கே பேசுவது மெமரியில் ஏறாது.

டேட்டா கன்ட்ரோல்ஸில் நம் பேச்சை ஏஐ மாடலின் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும் சுவிட்சும் இருக்கிறது. தனிக்கணக்குகளில் அது தானாகவே ஆனில் இருக்கும். அணைப்பது இனிமேல் பேசுவதற்குத்தான்.

மாற்றியதைச் சோதிக்கப் புது உரையாடல் திறந்து, பழைய கேள்வி ஒன்றை அப்படியே ஒட்டுங்கள். பழைய உரையாடலிலேயே கேட்டால் அங்கே ஏற்கெனவே இருக்கும் நடையையே தொடரப் பார்க்கும். சரியாகப் போய்க்கொண்டிருந்தது நீண்ட பேச்சில் வழி தவறினால், பெட்டியைத் திருத்த வேண்டியதில்லை; அந்த ஒரு விதியை மட்டும் அங்கேயே மறுபடி எழுதினால் போதும்.