ஆள்மாறாட்டம்

தக்கலையில் பெரியப்பா வீட்டில் சக்கை வற்றல், அதாவது பலாச்சுளை வற்றல், பொரிக்கும் நாள். வெளியே அடைமழை. நானும் பெரியம்மாவும் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு சுளை பிரித்தோம். அடுப்புப் பொறுப்பு பெரியப்பாவுக்கு.

பொழுது போகட்டுமே என்று டிவியில் 'தர்ட்டீன் அட் டின்னர்' போட்டிருந்தேன். 1985இல் தொலைக்காட்சிக்காக எடுத்த படம். துப்பறிவாளர் பொய்ரோவாக பீட்டர் உஸ்தினோவ்.

சல்லிக்கரண்டியோடு அடுக்களை வாசலில் வந்து நின்ற பெரியப்பா, "மக்கா, நிறுத்து. இது ஆள்மாறாட்டம்" என்றார். நாற்பது வருடம் பத்திரம் எழுதியவர். சொந்தத் தம்பி சாட்சிக் கையெழுத்துப் போட வந்தாலும் முகத்தை இரண்டு தடவை பார்ப்பார். "இந்த வயிறுக்காரர் பொய்ரோ இல்லை. பக்கத்தில் நிற்கிற இன்ஸ்பெக்டர்தான் அசல் பொய்ரோ. மாறுவேடத்தில் வந்திருக்கிறார்."

சிரித்துவிட்டு போனை எடுத்தேன். விரலெல்லாம் பிசின், கைரேகையை ஏற்கவில்லை.

"பார், போனுக்கே உன்மேல் சந்தேகம்."

தாவணி நுனியில் துடைத்துத் திறந்து பார்த்தால், இன்ஸ்பெக்டர் ஜாப்பாக நடித்தவர் டேவிட் சூஷே! 1989 முதல் 2013 வரை 70 கதைகளில் பொய்ரோவாகவே வந்தவர். போன வருடம் பெரியப்பா பார்த்துத் தீர்த்த தொடர் அதுதான்.

"இன்ஸ்பெக்டராக இருந்து பொய்ரோ ஆகியிருக்கிறார். பதவி உயர்வுதானே?" என்ற பெரியம்மாவுக்கு அடுத்த கேள்வி தயாராக இருந்தது. "அந்த வயிறுக்காரர் எந்தக் குடும்பம்?"

அதையும் சொன்னேன். உஸ்தினோவின் முதல் மனைவியும் நடிகை ஏஞ்சலா லான்ஸ்பரியும் ஒரு தாய் மக்கள், தகப்பன்தான் வேறு. 1980இல் துப்பறியும் கிழவி மிஸ் மார்ப்பிளாக நடித்தவர் அந்த லான்ஸ்பரி.

"அத்தான் பொய்ரோ, கொழுந்தியாள் மார்ப்பிள். அந்த வீட்டில் ஒரு தேங்காயை ஒளித்துவைக்க முடியுமா?"

இதற்குள் திரையில் ஃபே டனவே இரட்டை வேடத்தில் வந்தார்: ஒருத்தி நடிகை, இன்னொருத்தி அவளைப் போலவே பேசி நடிப்பவள். பெரியப்பா கரண்டியை உயர்த்தினார். "ஆள்மாறாட்டம் என்று அப்போதே சொன்னேனா இல்லையா?"

கரண்ட் போனது. இருட்டில், அடுக்களையிலிருந்து கருகல் வாசனை.

"அடுப்புப் பக்கம் நின்றது யார்?" பெரியம்மாவின் குரல்.

"நானா? என்னைப் போலவே ஒருத்தன்…"