பனிமூட்டத்தில் ஒரு வாசம்

கோத்தகிரி பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். அதற்கு முன் நான்கு வருஷம் ஆய்வுக்கூடத்தில் புழு வளர்த்தேன். சி. எலிகன்ஸ் என்ற நூற்புழு. ஒரு மில்லிமீட்டர் நீளம், கண்ணாடி உடம்பு, மொத்தமே 302 நரம்பு செல்கள். புருவ மயிரைக் குச்சி நுனியில் ஒட்டித் தலையில் மெல்லத் தொட்டால் பின்வாங்கும். 'அன்க்' வகைப் புழுக்களுக்கு மட்டும் அது சரியாக வராது. கோணிக்கொண்டு அங்கேயே கிடக்கும். ஒழுங்காக ஊர முடியாதவை என்பதன் சுருக்கம் அந்தப் பெயர். இந்தப் புழுவை மரபணு ஆய்வுக்குக் கொண்டுவந்த சிட்னி பிரென்னர் 1974-இல் எழுதிய கட்டுரையிலேயே இவை உண்டு.

"மரபணுவில் நரம்புகளின் வரைபடம் இருக்கிறது" என்று வகுப்பில் பல வருஷம் சொல்லிவந்தேன். போன மழைக்காலத்தில் ஒரு மாணவி கேட்டாள்: "மேடம், வளர்ற நரம்புக்கு அந்தப் படத்தை யார் காட்டுவாங்க?"

சட்டென்று பதில் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரே பனிமூட்டம். அவள் அம்மாவுக்கு டீ ஃபேக்டரியில் வேலை. "இந்த மூட்டத்துல அம்மா எப்படிப் போவாங்க?" என்றேன்.

"வாசம் பிடிச்சே போயிடுவாங்க மேடம். எனக்குத்தான் அந்த வாசம் வந்தாலே தலைவலி, எதிர்ப்பக்கம் ஓடிடுவேன்."

இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை. அன்க்-6 என்ற மரபணு நெட்ரின் புரதத்தைத் தருகிறது. புழுவின் வயிற்றுப் பக்கத்தில் அது அடர்த்தி, முதுகுப் பக்கம் போகப் போகக் குறைவு. நரம்பின் நுனியில் அன்க்-40 தரும் ஏற்பி, அதாவது நெட்ரினை உணரும் புரதம், இருந்தால் நெட்ரினை நோக்கி வளரும். அன்க்-5 தரும் ஏற்பியும் இருந்தால் விலகி முதுகுக்கு ஏறும். வாசம் ஒன்றுதான், மூக்குதான் வேறு. 1993-இல், தொடுகையை உணரும் நரம்புகளில் அன்க்-5 மரபணுவைச் செயல்பட வைத்தார்கள். வயிற்றுப் பக்கம் போக வேண்டியவை முதுகுப் பக்கம் திரும்பின!

அப்புறம்தான் அந்தக் கோணல் புழுக்கள் நினைவுக்கு வந்தன. அன்க்-5 பழுதானால் இயக்க நரம்புகள் பாதி வழியில் தடம் மாறிவிடும். முதுகுத் தசைக்குக் கட்டளை போய்ச் சேராது. அத்தனை தட்டுகளில் பார்த்தும், 'ஊராது' என்று மட்டும் குறித்துவைத்திருந்தேன்.

இந்த வருஷம் தோட்டத்தில் அழுகிக் கிடந்த பிளம்ஸ் பழங்களை அகார் தட்டில் வைத்தோம். இந்தப் புழுக்களுக்கு 20 டிகிரி போதும், கோத்தகிரியில் குளிர்பெட்டியே வேண்டாம். மூன்றாம் நாள் புழுக்கள் ஊர்ந்து வந்தன. என்ன இனம் என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும். அந்த மாணவி அதற்குள் தன் புருவ மயிர் ஒன்றைப் பிடுங்கிப் பல்குச்சியில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.