ஜோத்பூருக்குப் போன இட்லி மாவு

ராஜஸ்தான் டூர் நோட்டீஸ் அடிப்பவர்களுக்குச் சென்னைக்காரர்களின் மனசு அத்துப்படி. ஆம்பர் கோட்டை, மெஹ்ரான்கர், சித்தோர்கர் எல்லாம் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். நடுவில் கொட்டை எழுத்தில் ‘மூன்று வேளையும் நம்ம ஊர் சாப்பாடு, சமையல் மாஸ்டர் கூடவே வருகிறார்’ என்று இருக்கும். வில்லிவாக்கத்தில் இருக்கும் என் அத்தை அந்த ஒரு வரிக்காகத்தான் கிளம்பச் சம்மதித்தார்.

மாமா சம்மதித்ததற்குத் தனிக் காரணம் எதுவும் இல்லை. அத்தை கிளம்பினால் அவரும் கிளம்பித்தான் ஆக வேண்டும்.

ஜனவரி மாதம். சென்னையில் இருபது டிகிரிக்கு இறங்கினாலே குரங்கு குல்லா போடுகிற கூட்டம் நாங்கள். ஜெய்ப்பூரில் ராத்திரி பத்து டிகிரிக்கும் கீழே போகும் என்றதும் ரங்கநாதன் தெருவில் ஸ்வெட்டர், சாக்ஸ் என்று வாங்கிக் குவித்தோம். அத்தை மட்டும் ஸ்வெட்டரைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஒரு எவர்சில்வர் தூக்கில் உறைமோர் எடுத்துக்கொண்டார்.

“அங்க தயிரே கிடைக்காதா அத்தை?”

“கிடைக்கும்டா. யார் கையால உறை ஊத்தினதுன்னு தெரியுமா?”

இதற்கு மேல் என்ன பேசுவது?

ஜெய்ப்பூரில் முதல் காலையில் இட்லி என்று சொல்லியிருந்தார்கள். வந்தது ரவா உப்புமா. மறுநாளும் உப்புமா. மாஸ்டர் கிரைண்டர் எல்லாம் கொண்டுவந்து ஒழுங்காகத்தான் அரைத்திருந்தார். அந்தக் குளிரில் மாவு புளிக்கவே இல்லை. பாத்திரத்தைத் திறந்து பார்ப்பார், முகம் சுருங்கும், மூடிவிடுவார். அத்தையின் பாலும் காலையில் பாலாகவே இருந்தது. ஓட்டல் கம்பளியை எடுத்துத் தூக்கைச் சுற்றி வைத்தார். மாமா குளிரில் விறைத்ததுதான் மிச்சம், தயிர் உறையவில்லை.

பாபு பஜாரில் ஜெய்ப்பூர் ரஜாய் பார்த்தோம். மெல்லிய பஞ்சு வைத்துத் தைத்த ரஜாய், எடையே தெரியாது, போர்த்தினால் கதகதவென்று இருக்கும். அத்தை பேரம் பேசி ஒன்று வாங்கினார். மாமாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. அன்று ராத்திரி அந்த ரஜாயைப் போர்த்திக்கொண்டு தூங்கியது தூக்குதான்.

சரி, ஊரையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஹவா மகாலை 1799-ல் சவாய் பிரதாப் சிங் கட்டினார். அரண்மனைப் பெண்கள் வெளியில் முகம் காட்டாமல் தெருவை வேடிக்கை பார்க்கத்தான் இத்தனை ஏற்பாடு. மொத்தம் 953 ஜன்னல்கள். நாம் தெருவில் நின்று போட்டோ எடுக்கும் பக்கம் உண்மையில் கட்டடத்தின் முதுகுப் பக்கம். வாசல் வேறு பக்கம் இருக்கிறது. என்னைக் கேட்டால் உள்ளே சுற்றுவதைவிட எதிர்ச்சாரியில் ஒரு டீயோடு உட்கார்ந்து பார்ப்பதுதான் சுகம். அத்தை நிமிர்ந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “தெருவ வேடிக்கை பாக்க எனக்கு ஒரு பால்கனி போதும். இதுல எவ தூசி தட்டுறது?” என்றார். மேல் மாடிகளுக்குப் படிக்குப் பதில் சரிவுப் பாதை இருப்பதைப் பார்த்து மாமா மட்டும் பிரதாப் சிங்கை மனதார வாழ்த்தினார். அவருக்கு மூட்டு வலி.

ஜந்தர் மந்தர் என்ற பழைய வானியல் கூடத்தில் வேறொரு பிரச்சினை ஆரம்பித்தது. ஜெய்ப்பூரை 1727-ல் நிறுவிய இரண்டாம் சவாய் ஜெய்சிங்குக்கு வானியலில் பைத்தியம். அவர் கட்டிய சம்ராட் யந்திரம் 27 மீட்டர் உயரம். உலகத்திலேயே பெரிய கல் சூரியக் கடிகாரம், இரண்டு வினாடி துல்லியத்தில் நேரம் காட்டும் என்கிறார்கள். ஆனால் அது காட்டுவது ஜெய்ப்பூரின் சூரிய நேரம். நம் கைக்கடிகாரத்தைவிடச் சுமார் அரை மணி பின்னால் இருக்கும். இந்திய நேரத்தைக் கணக்கிடும் தீர்க்கரேகை கிழக்கே தள்ளி, அலகாபாத் பக்கம் போவதுதான் காரணம். கைடு இதைச் சொன்னாரோ இல்லையோ, டூர் மேனேஜர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். எட்டு மணிக்கு வரும் என்ற பஸ் எட்டரைக்கு வந்தால், “ஜெய்ப்பூர் டைம் சார்” என்று சிரிப்பார். ஜோத்பூர், உதய்ப்பூர் எங்கே போனாலும் ஜெய்ப்பூர் டைம்தான்.

பயணத்தின் திருப்பம் ஜெய்ப்பூர் சிட்டி பேலஸில் நடந்தது. அங்கே ஆள் உயரத்துக்கு இரண்டு வெள்ளி ஜாடிகள். ஒவ்வொன்றும் 340 கிலோவுக்கு மேல், 14,000 வெள்ளி நாணயங்களை உருக்கிச் செய்தது. 1902-ல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்கு லண்டன் போன மகாராஜா இரண்டாம் மாதோ சிங், கடல் கடந்த ஊரில் அந்நியத் தண்ணீரைத் தொடக் கூடாது என்று இவற்றில் கங்கை நீரை நிரப்பிக் கப்பலில் கொண்டுபோனார். ஒரு ஜாடியில் சுமார் 4,000 லிட்டர் பிடிக்கும்.

என் மனைவி இதை மொழிபெயர்த்துச் சொல்ல, அத்தை ஜாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் ஜாடியைப் பார்த்தார்.

“ராஜா தண்ணி தூக்கிட்டுப் போனா மியூசியம். நான் ஒரு தூக்கு மோர் கொண்டாந்தா கிண்டலு.”

பஸ் மொத்தமும் அத்தை கட்சிக்கு மாறியது அந்த நிமிஷம்தான். அதோடு விட்டாரா? “ரெண்டு ஜாடியும் சேந்து எட்டாயிரம் லிட்டர். எங்க தெருவுக்கு வர மெட்ரோ வாட்டர் லாரியே ஒம்போதாயிரம். ஒரு லாரி தண்ணி கூட இல்லாம ஒரு மகாராஜா சீமைக்குப் போயிருக்காரு, பாவம்” என்று அனுதாபம் வேறு. வெயில் காலத்தில் குடத்தோடு லாரிக்கு ஓடியவருக்குத்தான் இந்தக் கணக்கு சட்டென்று வரும்.

ஜெய்கர் கோட்டையின் ஜைவானா பீரங்கியைப் பார்த்தோம். 1720-ல் வார்த்தது, எடை 50 டன், சோதனைக்காக ஒரே ஒரு தடவை சுட்டார்களாம். மாமா அதைத் தட்டிக் கொடுத்து, “நம்ம வீட்டு டிரெட்மில் மாதிரி” என்றார். அந்த டூரில் அவர் வாய்விட்டுச் சொன்ன ஒரே விமர்சனம் அதுதான்.

அப்புறம் ஜோத்பூர். அஜ்மீர் வழியாக முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். கிளம்புவதற்கு முன் அத்தை பஸ்ஸை ஒரு சுற்று பார்த்தார். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் இன்ஜின் மூடி மேடாக இருக்குமே, அதன்மேல் கையை வைத்துப் பார்த்தார். நல்ல சூடு. மாஸ்டரைக் கூப்பிட்டார்.

“மாவத் தூக்கிட்டு வாங்க.”

மாஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். உப்புமா கொடுத்த மனுஷன், என்ன சொல்ல முடியும்? பெரிய அண்டா இன்ஜின்மேல் ஏறியது, பக்கத்தில் ரஜாய் போர்த்திய தயிர்த் தூக்கு. கயிறு போட்டுக் கட்டினார்கள். மீசையும் தலைப்பாகையுமாக இருந்த டிரைவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் கேட்கவில்லை.

பியாவர் தாண்டியதும் பஸ் ஓரங்கட்டி நின்றது. டிரைவர் இடது கையைத் தூக்கிப் பிடித்திருந்தார். கை முழுக்க வெள்ளை. அண்டா மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு பொங்கி வழிந்து கியர் கம்பியில் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் ஹிந்தியில் வேகமாக ஏதோ கேட்டார். என் மனைவி தி.நகர் ஹிந்தி பிரச்சார சபாவின் பரீட்சைகளில் மத்யமா வரைக்கும் பாஸ் செய்தவள். அந்தப் பரீட்சை எதிலும் இட்லி மாவு பொங்கியதாகக் கேள்வி வந்ததில்லை போலிருக்கிறது, முழித்தாள். அத்தையே எழுந்து போய்த் தமிழில் விளக்கினார். “இது பொங்கினாத்தான் தம்பி நல்லது.” அவர் தலையாட்டினார். எப்படிப் புரிந்தது என்று எனக்குத் தெரியாது. மாஸ்டரோ பொங்கிய மாவைப் பார்த்துக் கண் கலங்காத குறை.

ராவ் ஜோதா 1459-ல் கட்ட ஆரம்பித்த மெஹ்ரான்கரை அந்தப் புளித்த வாசனையோடுதான் போய்ச் சேர்ந்தோம். நான் பார்த்ததிலேயே மிரட்டும் கோட்டை இதுதான். பாறை எங்கே முடிகிறது, சுவர் எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. யானைகள் முட்டித் திறக்காமலிருக்கக் கதவில் கூர்மையான இரும்பு முட்கள். ‘லோஹா போல்’ என்கிற வாசலில் உடன்கட்டை ஏறிய ராணிகளின் கைத்தடங்கள். அந்த இடத்தில் எங்கள் கூட்டமே சத்தம் அடங்கிவிட்டது. மேலே போக லிஃப்ட் இருக்கிறது. மாமா அதற்குக் காசு கட்டிய வேகத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ராத்திரி ஓட்டல் பின்கட்டில் இட்லி அவிந்தது. பூ மாதிரி இட்லி என்று எழுதக் கை துறுதுறுக்கிறது, வேண்டாம். டிரைவர் எட்டு சாப்பிட்டார், சாம்பாரைத் தனியாக டம்ளரில் வாங்கிக் குடித்தார். அன்றிலிருந்து அத்தை அவருக்கு ‘மாதாஜி’. முன் சீட்டும் மாதாஜிக்கே.

ஜோத்பூரின் உமைத் பவன் அரண்மனையைப் பார்த்தபோது மட்டும் அத்தை ஒரு ராஜாவைப் பாராட்டினார். 347 அறைகள், 1929-ல் ஆரம்பித்து 1943-ல் முடிந்த வேலை. பஞ்சத்தில் தவித்த ஜனங்களுக்கு வேலை கொடுக்கத்தான் கட்டினார்கள் என்று கேட்டதும், “அப்ப எத்தன ரூம் வேணாலும் கட்டிக்கட்டும்” என்று அனுமதி கொடுத்தார்.

கும்பல்கர் கோட்டையின் சுவர் 36 கிலோமீட்டர். கடற்கரை ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினால் தாம்பரம் தாண்டியும் முடியாத நீளம். மாமா கீழேயே நின்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, தயிருக்குக் காவலாகப் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டார். உதய்ப்பூரில் பிச்சோலா ஏரியில் படகு, நிறைய செல்ஃபி. சித்தோர்கரில் 1303, 1535, 1568 என்று மூன்று முறை நடந்த ஜௌஹரை, எதிரி கையில் சிக்காமலிருக்கப் பெண்கள் கூட்டமாகத் தீயில் இறங்கியதைப் பற்றிக் கைடு சொல்லச் சொல்ல அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று மதியம் தயிர் சாதம்கூடச் சரியாக இறங்கவில்லை அவருக்கு.

கடைசி நாள் மேனேஜர் மைக்கைப் பிடித்து, அடுத்த டூர் ஹம்பி, பாதாமி, பீஜப்பூர் என்று அறிவித்தார். ஹம்பியின் கல் ரதம், கோல் கும்பாஸின் எதிரொலி என்று அவர் விவரித்துக்கொண்டே போக, முன் சீட்டிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

“எல்லாம் சரி தம்பி. அந்த பஸ்ஸுக்கு இன்ஜின் முன்னாடியா, பின்னாடியா?”