வாடை ஏறும் நேரம்

கல்லூரி விடுதியில் ஒரே அறையில் கிடந்த நான்கு பேர் நாங்கள். அதில் ஒருவன் பேராவூரணிக்காரன். "தொண்டிப் பக்கம் தை மாசம் பாய்மரப் படகுப் போட்டி நடக்கும்டா, ஒரு தடவை வந்து பாருங்க" என்று ஆறேழு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நாங்கள்தான் தள்ளிப்போட்டோம். இந்தப் பொங்கலுக்கு முந்தைய வாரம் மறுபடியும் போன் செய்தான். இந்த முறை யாரும் சாக்குச் சொல்லவில்லை.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் தஞ்சாவூரில் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்பினோம். ஒரத்தநாடு வரை சாலையின் இரு பக்கமும் அறுப்புக்கு நின்ற சம்பா வயல்கள். பட்டுக்கோட்டையை நெருங்க நெருங்கத் தென்னை வந்துவிட்டது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்தபோது இந்தப் பக்கத்துத் தோப்புகள் எப்படிச் சாய்ந்து கிடந்தன என்று அப்போது படங்களில் பார்த்ததுதான். இப்போது தோப்புகள் மறுபடி பச்சையாக இருக்கின்றன. ஆனால் உற்றுப் பார்த்தால் நெட்டை மரங்களுக்கு நடுவே ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கும் இளம் மரங்கள் வரிசையாகத் தெரியும். "எங்க தோப்புல அன்னிக்கு மிஞ்சினது பதினோரு மரம்" என்றான் நண்பன். காருக்குள் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

நேராகத் தொண்டிக்குப் போயிருக்கலாம். அவன் அதிராம்பட்டினம் வழியாகத்தான் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். வத்தையைக் காட்டாமல் போட்டிக்கு அழைத்துப் போனால் ஒன்றும் புரியாது என்பது அவன் கட்சி. அது சரிதான் என்று மறுநாள் தெரிந்தது. வத்தை என்பது பாக் நீரிணைக் கரையில் தலைமுறைகளாகப் புழங்கும் பாய்மரப் படகு. அடிப்பாகம் தட்டையாக இருக்கும். இந்தக் கடலில் கரையிலிருந்து வெகுதூரம் நடந்து போனாலும் இடுப்பளவுதான் தண்ணீர். கூர்மையான அடிப்பாகம் வைத்தால் சேற்றில் தட்டி நின்றுவிடும். ஆனால் தட்டைப் படகில் பாய் விரித்தால் பக்கக் காற்று அதைப் பக்கவாட்டிலேயே தள்ளிக்கொண்டு போய்விடும். அதற்காக ஓரத்தில் ஒரு பலகையைத் தண்ணீருக்குள் இறக்கித் தொங்கவிடுகிறார்கள். அந்தப் பலகை தண்ணீரை எதிர்த்துப் பிடித்துக்கொள்வதால் படகு நழுவாமல் முன்னே போகிறது. கரையில் ஏற்றி வைத்திருந்த ஒரு பழைய வத்தையின் பலகையைத் தடவிப் பார்த்தேன். விளிம்பு தேய்ந்து வழவழவென்று இருந்தது.

மனோராவில் பத்து நிமிடம்தான் நின்றோம். நெப்போலியன் வீழ்ந்த சந்தோஷத்தில் 1814-ல் இரண்டாம் சரபோஜி மன்னர் கடலோரத்தில் எழுப்பிய அறுகோண வடிவ கோபுரம், எட்டு அடுக்கு. இருட்டுவதற்குள் தொண்டி சேரவேண்டும் என்று கிளம்பிவிட்டோம். அதற்குப் பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரிசையாகப் பட்டினங்கள்தான். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று பெயர்ப் பலகைகள் விளக்கு வெளிச்சத்தில் வந்து வந்து போயின. மீமிசலில் டீ குடிக்க இறங்கியபோது பனி இறங்கியிருந்தது. தைப் பனி தரையைத் துளைக்கும் என்று என் ஆச்சி சொல்வாள். கடையோரத்தில் கண்ணாடி கிளாஸை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றோம். தொண்டியில் ஒரு சின்ன லாட்ஜில் இரவு தங்கல்.

காலையில் போட்டி நடக்கும் மீனவ கிராமத்துக்கு ஏழு மணிக்கே போய்விட்டோம். கடல் அசையாமல் கிடந்தது. காற்றே இல்லை. எனக்கு மனம் தளர்ந்துவிட்டது. கரையில் வலைக் குவியல் மேல் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம், "அய்யா, காத்தே இல்லையே, போட்டி நடக்குமா?" என்று கேட்டேன்.

"வெயில் ஏறட்டும் தம்பி. பத்து மணிக்கு வாடை எந்திரிச்சு வரும். பொறு."

அன்று முழுக்க அவர் பக்கத்தை விட்டு நாங்கள் நகரவில்லை. வாடை வடக்கிலிருந்து வருவது, கொண்டல் கிழக்கு, கச்சான் மேற்கு, சோளகம் தெற்கு. இந்த நான்கையும் அவர் கை நீட்டிக் காட்டியபோது ஏதோ நான்கு உறவினர்களின் குணத்தைச் சொல்வது போல இருந்தது. கொண்டல் சொல்லாமல் கொள்ளாமல் வரும், வாடையோ வந்தால் நின்று வீசும் என்றார்.

படகுகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறங்கின. நான் 28 வரை எண்ணினேன். மாதம் முழுக்க இன்ஜினில் ஓடும் நாட்டுப்படகுகள்தான் இவை. போட்டிக்காக இன்ஜினை இறக்கிவிட்டுப் பாய்மரம் நட்டிருந்தார்கள். பாய்கள் வெள்ளை, நீலம், ஆரஞ்சு. முன்பு பருத்தித் துணியைப் பட்டைச் சாயத்தில் ஊறவைத்துத்தான் பாய் தைப்பார்களாம். இப்போது பிளாஸ்டிக் துணி. ஆனால் வெட்டுவதும் தைப்பதும் பழைய கணக்குதான். எங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு பையன் குத்தூசியால் பாயின் ஓரத்தில் கயிற்றை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தான். இருபது வயதுதான் இருக்கும். ஒவ்வொரு தையலுக்கும் நூலைப் பல்லால் கடித்து இழுத்து இறுக்கினான். பெரியவர் எழுந்து போய் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்து, நாலு விரல் வைத்து அளந்து, அங்கே ரெண்டு தையலைப் பிரிக்கச் சொன்னார். பையன் மறுபேச்சில்லாமல் பிரித்தான். பேரனாம்.

படகுக்கு ஆறு பேர், கூடவே மணல் மூட்டைகள். அந்த மூட்டை எதற்கு என்று போட்டி தொடங்கிய பிறகுதான் பிடிபட்டது.

சொன்னது போலவே பத்து மணி வாக்கில் தண்ணீரின் நிறம் மாறியது. வடகிழக்கில் கருநீலமாக ஒரு கோடு தெரிந்தது. அது எங்களை நோக்கி வர வர முகத்தில் காற்று பட்டது. கரையில் இருந்த கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. கொடி அசைந்ததும் 28 பருமல்களும் ஒரே மூச்சில் மேலே ஏறின. பருமல் என்பது பாயைத் தாங்கும் குறுக்குக் கட்டை. அந்தக் கணத்தின் சத்தத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. துணி படபடவென்று அடித்துக்கொண்டே வந்து சட்டென்று காற்றைப் பிடித்து அமைதியாகும். அந்த அமைதியோடு படகு பாயும்.

கடலுக்குள் கொடி நட்டிருந்த மிதவையைச் சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். போகும்போது வாடை இடப்பக்கம். காற்று பாயைத் தள்ளுவதால் படகு வலப்பக்கம் சாயும். சாய்ந்தால் வேகம் போய்விடும். அதனால் ஆட்கள் இடது விளிம்புக்கு வெளியே முதுகைச் சாய்த்துத் தொங்குகிறார்கள். மூட்டைகளும் அந்தப் பக்கம் போகின்றன. சுக்கான் பிடிப்பவர் ஒருவர், பாயின் கீழ் முனைக் கயிறான தாமானைப் பிடிப்பவர் ஒருவர். இந்த இருவர் கண்ணும் பாயை விட்டு அகலாது. காற்று கூடினால் தாமானை விரலளவு விடவேண்டும், குறைந்தால் இழுக்க வேண்டும்.

மிதவை எங்கள் கண்ணுக்கு ஒரு புள்ளி. பைனாகுலர் கொண்டு போயிருந்தோம். பெரியவர் அதை வாங்கவே இல்லை. வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டே, "நீலப் பாய் முன்ன போறான், ஆனா திருப்புறதுலதான் இருக்கு" என்றார்.

போட்டியே அந்தத் திருப்பத்தில்தான் இருந்தது. திரும்பிவிட்டால் வாடை வலப்பக்கம் ஆகிவிடும். அப்படியானால் பாய் முழுவதையும் மரத்தின் மறுபக்கத்துக்கு மாற்ற வேண்டும். பருமலைப் படகின் முன்முனையான அணியத்தைச் சுற்றிக் கொண்டு வரவேண்டும், அதே நேரத்தில் ஆறு பேரும் மூட்டைகளும் இடமிருந்து வலத்துக்குத் தாவ வேண்டும். ஒரு நொடி முந்தினால் படகு கவிழும், பிந்தினால் காற்று பாயை மரத்தோடு அறைந்து படகை நிறுத்திவிடும். பைனாகுலரில் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலப் பாய் அப்படித்தான் நின்றது. பின்னால் வந்த இரண்டு வெள்ளைப் பாய்கள் அதைத் தாண்டிப்போயின. இன்னொரு படகு முழுசாகக் கவிழ்ந்தது. கூடவே போன இன்ஜின் படகு ஆட்களைத் தூக்கிக்கொண்டது. கரையில் ஒரு அம்மா எல்லோர் தலையும் தெரிகிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆறு தலையும் தெரிந்த பிறகுதான் மணலில் உட்கார்ந்தார்.

பேரனின் படகு ஆரஞ்சுப் பாய். ஒன்பதாவதாகத் திரும்பி, நான்காவதாகக் கரை சேர்ந்தது. வரும் வழியில் பெரியவர் வாய்க்குள்ளேயே, "தாமானை விடு... விடுறா... இப்பப் புடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டு மைல் தள்ளி இருந்த பையன் அதையேதான் செய்தான்.

பரிசு முதல் மூன்று படகுகளுக்குத்தான். பையன் நனைந்த உடம்போடு வந்து, "தாத்தா, திருப்பம் எப்படி?" என்று கேட்டான். ஜெயித்தது யார் என்று கேட்கவில்லை. பெரியவர் மூட்டையை மாற்றியதில் ஒருவன் தாமதம் என்று யார் என்பதையும் சேர்த்துச் சொன்னார். அவன் தலையாட்டினான்.

இந்தக் கடலில் இன்ஜின் வந்த பிறகு பாயில் போய் மீன் பிடிப்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இந்தக் கை, இந்தக் கண், விரலளவு கயிறு விடும் கணக்கு எல்லாம் இளைஞர்களிடம் போய்ச் சேர இருப்பது இந்தப் போட்டிகள்தான். இதைப் பார்க்கக் கரையில் இருந்த வெளியூர்க்காரர்கள் எங்களையும் சேர்த்து ஒரு கையில் எண்ணிவிடலாம். அது எனக்கு மனதுக்கு வலித்தது. பொங்கல் விடுமுறையில் ராமேசுவரம் போகிறவர்கள் எத்தனை பேர் இந்தச் சாலை வழியாகவே போயிருப்பார்கள்!

மதியத்துக்கு மேல் மரங்களைக் கழற்றினார்கள். பேரனோடு நாங்கள் நால்வரும் தோள் கொடுத்து அவர்கள் படகின் மரத்தைக் கொட்டகைக்குத் தூக்கிப்போனோம். நினைத்ததை விடக் கனம். பெரியவர் பாயை உப்புத் தண்ணீர் போக நல்ல தண்ணீரில் அலசச் சொல்லிவிட்டு, நாளைக் காலைத் தொழிலுக்கு இன்ஜினை மாட்ட ஆள் தேடிப் போனார். நாங்கள் பாயின் நான்கு மூலையைப் பிடித்து வேலியில் விரித்துக் கொடுத்தோம். வாடை இன்னும் வீசிக்கொண்டிருந்தது. ஆளுக்கொரு மூலையில் கல்லை ஏற்றி வைக்கவேண்டியிருந்தது.