பேச்சிப்பாறை ஏத்தத்தில் அமுங்கிய வண்டி

அப்பாவின் கியரில்லா ஸ்கூட்டர் ஆனி மாசத்திலிருந்தே சரியில்லை. குலசேகரத்தில் ரப்பர் ஷீட்டை விற்றுவிட்டு அரிசியும், ரப்பர் பாலை உறைய வைக்கிற ஆசிட் கேனுமாகப் பேச்சிப்பாறைப் பக்கம் திரும்பி வருவார். ஏத்தத்தில் ஒரு வளைவுக்காக வேகத்தைக் குறைத்து மறுபடி ஆக்சிலேட்டரைத் திருகினால் இன்ஜின் மூச்சு முட்டுகிற மாதிரி அமுங்கிவிடும், வண்டி நடக்கிற வேகத்துக்கு வந்துவிடும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினோம். வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல், போர், அதாவது பிஸ்டன் ஓடுகிற சிலிண்டர், போய்விட்டது, இன்ஜின் இறக்கணும், 8,000 ரூபாய் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா சரி என்று சொல்லப் போனார், நான்தான் வண்டியை வாங்கிக்கொண்டு வந்தேன். ஒரு மாசத்து ஷீட் காசில் பெரிய பங்கு அது, காரணம் தெரியாமல் கொடுக்க மனசு வரவில்லை.

முதலில் இன்ஜினைப் பார்த்தேன். காலையில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிறது, புகை இல்லை, ஆயில் குறையவில்லை, பிளக் சுத்தமாக இருக்கிறது, ஏர் ஃபில்டரிலும் அடைப்பில்லை. சென்டர் ஸ்டாண்டில் போட்டுப் பின்சக்கரத்தைச் சுற்றினேன், பிரேக் பிடித்துக்கொள்ளவும் இல்லை. அப்படியென்றால் இன்ஜின் கொடுக்கிற சக்தி வழியில் எங்கேயோ போய்விடுகிறது. இந்த வண்டியில் இன்ஜின் பக்கம் ஒரு புல்லி, பின்சக்கரப் பக்கம் ஒரு புல்லி, இரண்டையும் இணைக்க ஒரு பெல்ட். புல்லியின் இரண்டு தட்டும் நெருங்கினால் பெல்ட் வெளிவட்டத்துக்கு ஏறும், விரிந்தால் உள்ளே இறங்கும், கியர் மாறுவது இப்படித்தான். முன்புல்லிக்கு வேரியேட்டர் என்று பெயர், பின்புல்லியோடு கிளட்ச் இருக்கும்.

வண்டி இழுக்கவில்லை என்றால் பலரும் ஸ்பீடோமீட்டரைத்தான் பார்க்கிறார்கள். இன்ஜின் சத்தத்தைக் கேட்க வேண்டும். இன்ஜின் அலறுகிறது, வேகம் மட்டும் ஏறவில்லை என்றால் ஒன்று பெல்ட்டோ கிளட்ச்சோ வழுக்குகிறது, இல்லையென்றால் முன்பக்க வேரியேட்டர் முழுதாக நெருங்கவில்லை. இன்ஜினில் கோளாறு இல்லாமலே சத்தம் எழாமல் அமுங்குகிறது என்றால் அது வழுக்கல் இல்லை, வண்டி டாப் கியரில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. புறப்படும்போது மட்டும் திடுக்திடுக்கென்று அதிர்ந்தால் கிளட்ச் ஷூவையும் அது உரசுகிற கிளட்ச் பெல்லையும் பாருங்கள். இன்ஜினை அணைத்துவிட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றும்போதே கரகரவென்று சத்தம் வந்தால் பெல்ட்டைச் சந்தேகப்படவே வேண்டாம், ஏனென்றால் அப்போது கிளட்ச் விட்டிருக்கும், சுற்றுவது கடைசிக் கியர்களும் அதன் பேரிங்குகளும் பெல்லும் மட்டும்தான்.

எங்கள் வண்டியில் இரண்டு குணமும் இருந்தது, குழப்பமே அதுதான். ஏத்தத்தில் அமுங்கும். சமதளத்தில் இன்ஜின் அலறியும் 60-க்கு மேல் போகாது. சமதளச் சோதனையை ஆரல்வாய்மொழி ரோட்டில் செய்தேன், அதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து தள்ளும். கிழக்கே காவல்கிணறு பக்கமிருந்து முப்பந்தலைத் தாண்டி வந்தால் எதிர்க்காற்றில் எந்த வண்டியும் திணறத்தான் செய்யும். அதனால் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை என்று இரண்டு திசையிலும் பார்க்க வேண்டும். காற்று முதுகில் தள்ளியபோதும் எங்கள் வண்டி 60-லேயே நின்றது.

சரி என்று பெல்ட்டை மூடியிருக்கும் கிக்கர் கவரைக் கழற்றினேன். உள்ளே கறுப்புத் தூசி அப்பிக் கிடந்தது. அதை வாயால் ஊதாதீர்கள், மூச்சுக்குள் போகக்கூடாத தூசி அது, ஈரத்துணியால் துடைத்தெடுத்தேன். முன்பக்க நட்டைக் கழற்ற, புல்லியின் விசிறி இறக்கைக்குள் ஸ்க்ரூடிரைவரை முட்டுக் கொடுக்கிறவர்கள் உண்டு. இறக்கை உடைந்துவிடும், அதற்கென்றே ஹோல்டர் விற்கிறது, வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

பெல்ட்டைத் திருப்பி மடக்கிப் பார்த்தால் பல்லுக்குப் பல் நடுவே வெடிப்பு. வெர்னியர் அளவுகோலில் அளந்தேன், புதுப் பெல்ட்டைவிட ஒரு மி.மீ.க்கு மேல் அகலம் குறைந்திருந்தது. அகலம் குறைந்த பெல்ட் முன்புல்லியின் விளிம்பு வரை ஏறாது, அதனால் டாப் ஸ்பீடு விழும். வேரியேட்டருக்குள் இருக்கிற ஆறு ரோலரில் நாலு ஒருபக்கம் தேய்ந்து தட்டையாகக் கிடந்தன. இன்ஜின் வேகம் கூடக்கூட ரோலர்கள் வெளிப்பக்கம் ஓடிப் புல்லித் தட்டைத் தள்ள வேண்டும், தட்டையானது எப்படி உருளும்? வண்டி 31,000 கி.மீ. தாண்டியிருந்தது, பெல்ட் ஒருதடவைகூட மாற்றவில்லை. பல கம்பெனிக் கையேடுகள் 24,000 கி.மீ. அல்லது அதற்கு முன்பே மாற்றச் சொல்கின்றன.

புதுப் பெல்ட், அதே எடையில் ஆறு ரோலர் வாங்கிப் போட்டேன். பெல்ட் போடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும், இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பின்புல்லியின் இரண்டு தட்டையும் கையால் விரித்துப் பெல்ட்டை அதன் உள்ளே ஆழமாக இறக்கிவிட வேண்டும், அப்போதுதான் முன்பக்கம் பெல்ட் தளர்வாக நிற்கும். இல்லாவிட்டால் நட்டை முறுக்கும்போது பெல்ட் நடுவில் சிக்கிக்கொள்ளும். நட்டு இறுகிவிட்டது போலத் தோன்றும், நாலு கிலோமீட்டர் ஓடியதும் தளர்ந்து நிற்கும். பெல்ட் உரசும் முகத்தில் ஒரு பொட்டு கிரீஸ்கூடப் படக்கூடாது. கைரேகை எண்ணெயைக்கூடத் துடைத்துவிட்டுத்தான் மூடினேன்.

சமதளத்தில் வண்டி பறந்தது. ஏத்தத்தில் பழையபடியே அமுங்கியது.

அன்றைக்கு ரொம்பச் சோர்ந்துபோனேன். தக்கலைப் பக்கம் பழைய கியர் ஸ்கூட்டர் காலத்திலிருந்து வேலை பார்க்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார், அவரிடம் கொண்டுபோனேன். அவர் வண்டியைத் தொடும் முன்னாடி நான் என்னென்ன மாற்றினேன் என்று முழுசாகக் கேட்டார். அப்புறம் தானே ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "தம்பி, நீ பாத்ததெல்லாம் சரியாக்கும். பின்னாடி உள்ள புல்லிய ஆராவது தொறந்து பாத்தாவளா?" என்றார்.

பழைய பஜாஜ் சேட்டக் ஸ்கூட்டரில் ஏத்தம் வந்தால் இடதுகைப் பிடியைத் திருகி மூன்றிலிருந்து இரண்டுக்கு நாமே இறக்குவோம். எண்பதுகளில் கைனடிக் ஹோண்டா என்கிற கியரில்லா ஸ்கூட்டர் வந்ததிலிருந்து அந்த வேலையைப் பெல்ட்டும் புல்லியும் பார்த்துக்கொள்கின்றன. ஏத்தத்தில் பாரம் கூடும்போது பின்புல்லியின் நகரும் தட்டு ஒரு சாய்ந்த பள்ளத்தின் வழியே திரும்பி உள்ளே நெருங்கும், பெல்ட் பின்பக்கம் வெளிவட்டத்துக்கு ஏறும், அதுதான் இந்த வண்டியின் கியர் இறக்கம். அந்தப் பள்ளம் சின்ன இடம்தான், ஆனால் அதில் ஓடும் பின் என்கிற சின்ன இரும்புக் குச்சிகளுக்குக் கிரீஸ் வேண்டும். எங்கள் வண்டியில் இரண்டு பருவமழையிலும் மாறிமாறி ஏறிய ஈரத்தில் கிரீஸ் மெழுகாகக் காய்ந்து, பின்னில் துரு ஏறி, விரிந்த தட்டு திரும்பி நெருங்கும்போது நடுவழியில் ஒட்டிக்கொண்டு நின்றது. வேகம் குறைந்த பிறகும் பெல்ட் திரும்பி ஏறவில்லை. ஒவ்வொரு வளைவிலும் அப்பா டாப் கியரிலேயே ஏத்தம் ஏறப் பார்த்திருக்கிறார்.

பின்புல்லியைத் திறப்பதை மட்டும் வீட்டில் தனியாகச் செய்யாதீர்கள். உள்ளே இருக்கிற பெரிய ஸ்பிரிங் நல்ல அழுத்தத்தில் இருக்கும், நட்டு கழன்ற நொடியில் முகத்துக்குப் பாயும். அண்ணன் ஸ்பிரிங்கை அமுக்குகிற கம்ப்ரசர் கருவியில் வைத்து அமுக்கித்தான் கழற்றினார். பின்களை மாற்றி, பள்ளத்தை மண்ணெண்ணெயில் கழுவி, சூடு தாங்குகிற கிரீஸைக் கொஞ்சமாக வைத்தார், அதிகம் வைத்தால் பெல்ட்டில் தெறிக்கும். கிளட்ச் ஷூவில் கண்ணாடி மாதிரிப் பளபளப்பு ஏறியிருந்தது, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தார். கியர் ஆயிலையும் மாற்றச் சொன்னேன், பால் கலந்த டீ நிறத்தில் வந்தது. தண்ணீர் போயிருக்கிறது, நல்லவேளையாகப் பேரிங்கில் சத்தம் வரவில்லை.

பெல்ட், ரோலர், பின், கூலி எல்லாம் சேர்த்து அந்த 8,000-த்தில் பாதிகூட ஆகவில்லை. போர் அப்படியே இருக்கிறது.

மறுநாள் அப்பாவைப் பின்னால் உட்கார வைத்து, அரிசி மூட்டையும் வைத்து, அதே வளைவில் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்தேன். ஆக்சிலேட்டரைத் திருகியதும் சத்தம் மேலே எழுந்தது, வண்டி பைய ஏறி வேகம் பிடித்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, தோளை ஒருதரம் தட்டினார். கவரின் உள்பக்கம் மார்க்கரால் 31,460 என்று எழுதியிருக்கிறேன், அடுத்து யார் திறந்தாலும் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியும்.