மண்சுவருக்கு மண்ணையே பூசினோம்

செங்கம் பக்கத்தில், ஜவ்வாது மலை அடிவாரத்தில் நாங்கள் கட்டிய மண்வீட்டின் சுவர்களுக்கு மண்ணையே பூசி முடித்திருக்கிறோம். மண்சுவர் எழுப்புவது எப்படி என்று சொல்லித்தர இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். பூச்சு வேலை என்று வந்தால் மட்டும் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். ஒருவர் மண் ஒன்றுக்கு மணல் இரண்டு என்பார், இன்னொருவர் ஒன்றுக்கு நான்கு என்பார். இரண்டுமே அவரவர் ஊர் மண்ணுக்குச் சரியாக இருக்கும். நம் மண்ணுக்கு எது சரி என்பதை நம் சுவரில் பூசிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் சுவரைப் பற்றி. செம்மண்ணையும் வைக்கோலையும் சேர்த்து மிதித்து, உருண்டை பிடித்து அடுக்கி எழுப்பிய சுவர், ஒன்றரை அடி அகலம். தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்குக் கருங்கல் அடிமானம். மேலே நாட்டு ஓடு, தாழ்வாரம் மூன்றடி வெளியே நீண்டிருக்கிறது. பூச்சைப் பற்றிப் பேசும்போது இதை ஏன் சொல்கிறேன் என்றால், தரையில் விழுந்து தெறிக்கும் மழைத்தண்ணீர் சுவரின் காலைத் தொடாமலும், சாரல் நெஞ்சு உயரம்வரை நனைக்காமலும் இருந்தால்தான் மண்பூச்சு நிற்கும். அடிமானமும் தாழ்வாரமும் சரியில்லாத வீட்டுக்கு எந்தக் கலவையைப் பூசியும் பயனில்லை.

வேலைக்கு வந்த மேஸ்திரி நல்ல கைகாரர். சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அக்கா, கோழிவலை அடிச்சு சிமெண்ட் பூசிடலாம், ஆயுசுக்கும் கவலையில்ல" என்றார். சொந்தக்காரர்களும் அதையேதான் சொன்னார்கள். நாங்கள் ஒத்துக்கொள்ளாததற்குக் காரணம் எங்கள் தெருவிலேயே இருந்தது. பழைய மண்வீடு ஒன்றுக்குச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். வெளிப்பார்வைக்குப் புதுவீடு மாதிரி இருந்தது. தட்டிப் பார்த்தால் பாதிச் சுவர் பொத்தென்று சத்தம் கொடுத்தது. சில இடங்களில் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று, பின்னாலிருந்த மண்ணையும் பெயர்த்துக்கொண்டு வந்திருந்தது. மண்சுவர் ஈரத்தை வாங்கும், விடும். வாங்கும்போது கொஞ்சம் உப்பும், விடும்போது கொஞ்சம் சுருங்கும். சிமெண்ட் அதோடு சேர்ந்து அசையாது. அதில் மயிரிழை வெடிப்பு விழுந்தால் போதும், மழைத்தண்ணீர் உள்ளே போய்விடும். போன தண்ணீர் வெளியேற வழியில்லாமல் சுவரைப் பின்னாலிருந்து ஊறவைத்துக்கொண்டே இருக்கும். பூச்சு எப்போதும் சுவரைவிட மென்மையாக இருக்க வேண்டும், சுவர் மூச்சுவிட இடம் கொடுக்க வேண்டும். அந்த வீட்டுச் சுவரை மேஸ்திரியே தட்டிப் பார்த்தார். அப்புறம் வலையைப் பற்றி அவர் பேசவில்லை.

மண் எங்கள் நிலத்திலேயே இருந்தது. மேல்மண்ணில் வேரும் மக்கும் இருக்கும், அது ஆகாது. ஒன்றரை அடிக்குக் கீழே தோண்டி எடுத்த செம்மண்ணைத்தான் சுவருக்கும் வைத்தோம், பூச்சுக்கும் வைத்தோம். நேரான கண்ணாடிப் புட்டியில் பாதிக்கு மண்ணைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்து நன்றாகக் குலுக்கி வைத்தால், மணல் சட்டென்று அடியில் தங்கிவிடும். அதன்மேல் வண்டல். களி மட்டும் மெதுவாக இறங்கும், தண்ணீர் தெளிய ஒரு நாளுக்கு மேல்கூட ஆகும். மூன்றும் எங்கே பிரிகின்றன என்று புட்டியின் மேலேயே கோடு போட்டுப் பார்த்துவிடலாம். எங்கள் மண்ணில் களி தாராளமாக இருந்தது.

களிதான் பசை. ஆனால் வெடிப்புக்கும் அதுதான் காரணம். களித்துகள்களுக்கு நடுவே தண்ணீர் புகுந்து அவற்றை விலக்கி வைக்கும். காயும்போது அந்தத் தண்ணீர் போய்விடுவதால் துகள்கள் நெருங்கி வரும், மொத்தப் பூச்சும் சுருங்கும். மணல் சுருங்காது. போதிய மணல் சேர்த்தால் அது எலும்பு மாதிரி நின்று சுருக்கத்தைக் குறைக்கும். வைக்கோல் நார் மிச்சச் சுருக்கத்தைப் பங்கிட்டு, ஒரு பெரிய வெடிப்பாக ஓடாமல் பிடித்துக்கொள்ளும். பூச்சுக்கலவையின் கணக்கு முழுவதும் இவ்வளவுதான்.

எங்கள் விகிதத்தைக் கண்டுபிடிக்க, பின்பக்கச் சுவரில் ஒரு அடிக்கு ஒரு அடி கட்டங்களாகப் பூசினோம். வெறும் மண் ஒன்று. மண்ணும் மணலும் சமமாக ஒன்று. ஒன்றுக்கு இரண்டு, ஒன்றுக்கு மூன்று. ஒவ்வொன்றிலும் வைக்கோல் போட்டது, போடாதது. எது எது என்று பக்கத்திலேயே கரியால் எழுதி வைத்தோம். இந்த வேலையைத் தயவுசெய்து யாரும் தவிர்க்காதீர்கள். காய்ந்தபின் வெறும் மண் ஏரிப்படுகை மாதிரி வெடித்துக் கிடந்தது. சமமாகக் கலந்ததில் மெல்லிய கோடுகள். ஒன்றுக்கு மூன்றில் வெடிப்பே இல்லை, ஆனால் விரலால் தேய்த்தால் மாவாகக் கொட்டியது. ஒன்றுக்கு இரண்டும், அதில் பொடியாக நறுக்கிய வைக்கோல் அரைப் பங்கும் சேர்த்த கட்டம்தான் தேய்த்தாலும் உதிரவில்லை, தட்டினாலும் பொத்தென்று சத்தம் வரவில்லை. வெளியூரில் கேட்டு வாங்கிய எந்தக் கணக்கையும்விட அந்தக் கட்டத்தை நாங்கள் நம்பினோம்.

அடுத்த தெரு ஆயா இந்த நேரத்தில்தான் வந்தார். பொங்கலுக்குப் பொங்கல் வீடு பூசி மெழுகிய கை. எங்கள் கலவையை ஒரு பிடி எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஊறணும் கண்ணு. மண்ணு கையில ஒட்டக் கூடாது, செவுத்துல ஒட்டணும்" என்றார். குழியில் மண்ணையும் வைக்கோலையும் தண்ணீர் விட்டு மிதித்து, சாக்குப் போட்டு மூடி ஊறவிட்டோம். வைக்கோல் புளிக்க ஆரம்பித்ததும் வாடை வந்தது. பயப்பட வேண்டாம், பூசிக் காய்ந்தால் அது போய்விடும். புளித்த கலவை வழவழப்பாகி, இழுத்த இழுப்புக்கு வந்தது. மணலை மட்டும், பூசுகிற அன்றுதான் கலந்தோம்.

ஒவ்வொரு வருஷமும் பூசிக்கொண்டே இருக்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு மாலி நாட்டின் ஜென்னே நகரத்தைப் பற்றிச் சொல்வேன். அங்குள்ள பெரிய மசூதி இன்றைய வடிவில் 1907ல் கட்டப்பட்டது, சுவர்கள் முழுவதும் மண். வருஷத்துக்கு ஒருமுறை ஊரே கூடி அதைப் பூசுகிறது. அவர்களும் மண்ணோடு நெல் உமியைக் கலந்து புளிக்க வைக்கிறார்கள். மேலே கூரை நீட்டம் இல்லாத அவ்வளவு உயரமான கட்டடத்துக்கு அந்தப் பராமரிப்பு தேவை. ஓடு போட்டு, தாழ்வாரம் இறக்கிய நம் வீட்டுக்கு அவ்வளவு வேலை இல்லை. அடிபட்ட இடத்தைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்தால் போதும்.

பூசுவதற்கு முந்திய வேலைதான் அதிகம். துருத்திக்கொண்டிருந்த மண்ணைக் கொத்தித் தள்ளி, பள்ளங்களை அடைத்து, தென்னை விளக்குமாற்றால் தூசியைக் கூட்டினோம். கரண்ட் பைப்புக்குக் காடி எடுத்து, பெட்டிகளைப் பதித்து, ஆழமான காடிகளை இரண்டு தடவையாக அடைத்தோம். நிலை, சன்னல் சட்டங்கள் சுவரைத் தொடும் இடங்களில் சாக்குத் துண்டுகளை மண்கரைசலில் தோய்த்து, பாதி மரத்தின் மேலும் பாதி சுவரின் மேலுமாக ஒட்டி ஆணி அடித்தோம். மரம் அசைவது ஒரு விதம், மண் அசைவது ஒரு விதம். அந்தச் சந்தில் சாக்கு இல்லாவிட்டால் வெடிப்பு நிச்சயம்.

காய்ந்த சுவரில் பூசினால், பூச்சிலிருக்கும் தண்ணீரைச் சுவர் உறிஞ்சிவிடும், பிடிப்பு இருக்காது. காலையில் ஒரு தடவை, பூசுவதற்குச் சற்று முன்னால் இன்னொரு தடவை தண்ணீர் தெளித்து, அதன்மேல் மண்கரைசலைத் தூரிகையால் அடித்தோம். முதல் பூச்சைக் கையால்தான் போட்டோம். உருண்டையை ஓங்கி அறைந்து, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் கீழிருந்து மேலே இழுக்க வேண்டும். ஆயா பூசிய இடத்தில் கைவிரல் தடம் வரிசையாக விழுந்தது. அடுத்த பூச்சுக்கு அந்தத் தடமே பிடிப்பு. முக்கால் அங்குலம் வரும் அந்தப் பூச்சு காய்ந்தபோது அங்கங்கே வெடிப்பு விட்டது. மேஸ்திரி பதறினார். அடிப்பூச்சில் மெல்லிய வெடிப்பு இருக்கலாம், இரண்டாவது பூச்சு அதற்குள் இறங்கிக் கவ்விக்கொள்ளும். பூச்சு சுவரைவிட்டுத் தூக்கிக்கொண்டால்தான் கவலைப்பட வேண்டும்.

மேஸ்திரிக்கும் அவருடைய ஆட்களுக்கும் பழக்கத்தை மாற்றுவதுதான் கஷ்டமாக இருந்தது. சிமெண்ட் பூசினால் மறுநாள் காலையில் தண்ணீர் அடிப்பார்கள், அது சிமெண்டுக்குத் தேவை. மண்ணுக்கு ஈரம் போய்க் காய்வதுதான் இறுக்கம். அதனால் பூசிய சுவர் பக்கம் குழாயைக் கொண்டுபோகாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. அதே சமயம் சீக்கிரமாகவும் காயக் கூடாது. தை, மாசி வெயில் பரவாயில்லை என்றாலும், மேற்குப் பக்கத்தில் பழைய புடவைகளைக் கட்டி நிழல் கொடுத்தோம். சித்திரை, வைகாசியில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். ஒரு சுவரை ஆரம்பித்தால் மூலையிலிருந்து மூலைவரை அன்றே முடித்தோம், நடுவில் நிறுத்தினால் ஒட்டுத் தெரியும்.

வடக்கு மூலை அறையில் பூச்சு மெதுவாகக் காய்ந்தது. வைக்கோலில் தங்கியிருந்த நெல்மணிகள் சுவரிலேயே முளைத்துப் பச்சையாக நின்றன. வெள்ளைப் பூசணமும் படர்ந்தது. சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் விட்டதும் முளை வாடி உதிர்ந்தது, பூசணத்தைத் துடைப்பத்தால் தட்டினோம். இரண்டுமே ஈரம் இன்னும் இருக்கிறது என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். அது முழுசாகக் காயும்வரை அந்த அறையில் அடுத்த பூச்சை எடுக்கவில்லை.

இரண்டாவது பூச்சில் மேடுபள்ளம் சரிசெய்தோம். மட்டப்பலகை வைத்து இழுத்தாலும், கண்ணாடி மாதிரி நேராக வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. மண்சுவருக்கு லேசான வளைவு அழகு என்பது என் கருத்து. மேஸ்திரிக்கு இதில் கடைசிவரை உடன்பாடில்லை. இந்தப் பூச்சை மணியாசுக் கட்டையால், அதாவது பூச்சைத் தேய்த்து மட்டம் செய்யும் மரக்கட்டையால், தேய்த்துவிட வேண்டும். இரும்புக் கரண்டியால் அழுத்தித் தேய்த்தால் களி மேலே வந்து மூடிக்கொள்ளும், அப்புறம் கடைசிப் பூச்சு ஒட்டாது.

கடைசிப் பூச்சுக்கு மண்ணைக் கொசுவலையில் சலித்தோம். பொடிமணல், கரைத்து வடிகட்டிய பசுஞ்சாணம். சாணத்தில் இருக்கும் பொடி நாரும் பசையும் மெல்லிய பூச்சுக்கு அருமையாகப் பிடிக்கும். கடுக்காயைக் கொட்டை நீக்கி இடித்து, பனைவெல்லத்தோடு தண்ணீரில் ஊறவைத்து, அந்தச் சாற்றையும் சேர்த்தோம். இதற்கும் தனியாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் பூசிப் பார்த்தோம், ஏனென்றால் முந்திய விகிதம் இதற்குப் பொருந்தாது. பருமன் மூன்று மில்லிமீட்டருக்குள்தான். விரல் வைத்தால் பள்ளம் விழாமல், ஆனால் குளிர்ச்சி மட்டும் தெரிகிற பதத்தில் வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்தால் மினுமினுப்பு வரும். அந்தப் பதம் கொஞ்ச நேரம்தான் நிற்கும், எல்லோரும் ஆளுக்கொரு கல்லோடு சுவரில்தான் இருந்தோம். வண்ணம் எதுவும் சேர்க்கவில்லை. எங்கள் மண்ணின் நிறம் எங்களுக்குப் பிடித்திருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகைச் சாரல் அடிக்கும் வடக்கு, கிழக்கு வெளிச்சுவர்களுக்கு மட்டும் கடைசிப் பூச்சாகச் சுண்ணாம்பு. நீற்றி ஊறவைத்த கிளிஞ்சல் சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று, கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்தது. சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கி மெதுவாகக் கல்லாகும், ஆனாலும் ஈரத்தை வெளியே விடும். இதற்கு மட்டும் சில நாள் ஈரம் காட்ட வேண்டும், மேஸ்திரிக்கு இங்கே சந்தோஷம். சுண்ணாம்பை நீற்றும்போது தண்ணீர் கொதிக்கும், தெறித்தால் கண் போய்விடும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் கிட்டே விடாதீர்கள், குழந்தைகளை முற்றிலும் தள்ளி வையுங்கள். குளியலறையில் மண்பூச்சு வைக்கவில்லை, அங்கே செங்கல் சுவரும் அதன்மேல் பதித்த ஓடும்தான்.

செலவைப் பற்றிக் கேட்கிறார்கள். பொருளுக்கு ஆனது மணலும் சுண்ணாம்பும் வெல்லமும்தான், மீதி எல்லாம் கூலி. ஆள் கூலி கொடுத்துச் செய்தால் சிமெண்டைவிட மலிவாக முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டு ஆட்கள் இறங்கி வேலை செய்தால் குறையும்.

சலித்த மண்ணும் மணலும் கலந்த ஒரு மூட்டையை உலர்வாக எடுத்து வைத்திருக்கிறோம். கட்டில் இடித்துப் பெயர்ந்த இடத்தை நனைத்து, அதிலிருந்தே கொஞ்சம் குழைத்துப் பூசினால் நிறம் சேர்ந்துவிடுகிறது.

என் நாத்தனார் வீட்டுக்காரர் விருதுநகர் பக்கம் இப்படி ஒரு வீடு கட்டப் போகிறார், எங்கள் விகிதத்தை எழுதிக் கேட்டார். அவர் நிலம் கரிசல். கரிசலில் இருக்கும் களி தண்ணீர் பட்டால் வெகுவாக உப்பி, காய்ந்தால் கை நுழைகிற அளவு பிளக்கும் வகை. செம்மண்ணுக்குச் சொன்ன கணக்கு அங்கே ஒரு சுவருக்கும் ஆகாது. பக்கத்தில் செம்மண் கிடைக்கும் இடம் தேடிக்கொண்டிருக்கிறார். கிடைத்தால் வருகிற மாசியில் கட்டம் கட்டமாகப் பூசிப் பார்க்க நானும் போகிறேன், ஆயாவையும் கூட்டிக்கொண்டு.